எல்லை தாண்டினால் மாறும் சட்டம்



போன மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும் நேரம், ஒரு தங்கை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, இந்தியாவிலை சில இடங்களிலை குடியைச் சட்டம் போட்டே நிப்பாட்டிப் போட்டினமாம். எங்கடை ஊர்த் தவறணையையும் அப்பிடிப் பூட்ட ஏலாதோ?"

அவளுடைய பதின்மூன்று வயது மகனைத்தான் தகப்பன் போத்தல் வாங்க அனுப்புகிறாராம். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் 1990இல் படகேறிப் போய், புதுச்சேரி எல்லைக்குக் கிட்டத் தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் பல வருடங்கள் இருந்தவள். 1991இல் தமிழ்நாட்டில் மலிவுச் சாராயக் கடைகளை மூடினார்கள். இனி நிம்மதி என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் புதுச்சேரியில் சாராயக் கடைகள் திறந்தே இருந்தன. என் கணவரும் மற்ற ஆண்களும் பஸ் ஏறி எல்லை தாண்டினார்கள். முன்பு குடிக்கு மட்டும் போன கூலிக்காசு, பிறகு பஸ்ஸுக்கும் சேர்த்துப் போனது.

இந்தியாவில் மதுவைப் பற்றிச் சட்டம் இயற்றுவது மாநிலங்களின் அதிகாரம். அதனால் ஊருக்கு ஒரு நீதி. குஜராத்தில் 1960இல் அந்த மாநிலம் உருவான காலம் தொட்டே மதுவிலக்கு. தமிழ்நாட்டிலோ 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. குடிப்பதற்கான வயதெல்லையும் கோவாவில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23.

இதில் பெண்கள் பெற்ற வெற்றியும் உண்டு. 1992இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில், எழுத்தறிவு வகுப்புக்குப் போன ஏழைப் பெண்கள் துபகுண்டா என்ற கிராமத்தில் சாராயக் கடைக்கு எதிராக எழும்பினார்கள். அது மாநிலம் முழுதும் பரவி, 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல், வருமானம் போதவில்லை என்று அரசு அதைத் தளர்த்திவிட்டது. பீகாரிலும் பெண்கள் கேட்டதால் 2016இல் தடை வந்தது. ஆனால் 2022இல் அங்கே சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பலர் மாண்டார்கள். கடைகள் திறந்திருக்கும் தமிழ்நாட்டிலும் 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் அப்படியே போனார்கள். விதவைகளானது இரண்டு இடத்திலும் பெண்கள்தான்.

ஆகவே தங்கைக்கு நான் சொன்னது இதுதான்: "தவறணையைப் பூட்டினால் மட்டும் காணாது பிள்ளை. அடுத்த நாளே கசிப்பு வந்து நிக்கும். ஆனால் எங்களிட்டை ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கு. அதை முதலிலை கையிலை எடுப்பம்."

இலங்கையில் மாகாணத்துக்கு மாகாணம் வயது மாறுவதில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் மது விற்பது நாடு முழுவதும் குற்றம். தகப்பன் அனுப்பினார் என்பது விற்றவருக்குச் சாட்டு ஆகாது.

அடுத்த நாள் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதினோம். அவளைத் தனியே விடாமல் ஆறு பேர் சேர்ந்து பொலிஸுக்குப் போய்க் கொடுத்தோம். பிறகு தவறணைக்காரரிடமும் நேரே போய்ச் சொன்னோம்.

தகப்பன் இன்னும் குடிக்கிறார். ஆனால் பிள்ளை இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. பின்னேரங்களில் வகுப்புக்குப் போகிறான்.

உங்கள் ஊரிலும் இப்படிப் பிள்ளைகள் போகிறார்களா? தனியே அழவேண்டாம். நாலு பேராய்ச் சேருங்கள்.