சூத்திரத்திற்கும் ஊர் உண்டு

நிலத்தின்கீழ்ப் பல்லாயிரம் அடி ஆழத்திற் கிடக்கும் எண்ணெய் நாம் பாத்திரத்திற் காணும் எண்ணெயன்று. அங்குள்ள பேரழுத்தத்தினால் வாயு அதனுட் கரைந்து நிற்கின்றது. எண்ணெயை எடுக்க எடுக்க அழுத்தம் தணியும். ஓர் எல்லைக்கு இறங்கியவுடன், மூடி திறந்த சோடாப் புட்டியிற்போல, முதற் குமிழி தோன்றும். அதனைக் குமிழியழுத்தம் என்பர். அதனினும் கீழே வெகுதூரம் இறங்கவிட்டால், எளிதில் ஓடும் வாயு எண்ணெயை முந்திக்கொண்டு கிணற்றை அடைந்துவிடும். வாயுவை இழந்த எண்ணெயோ தடித்துப் பாறையின் நுண்டுளைகளிலே தங்கிவிடும். பின்னர் அதனை மீட்பது அரிது.

இவ்வெல்லையை அறிதற்கு நேரிய வழி, கிணற்றடியிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதனைச் சாலையில் அளத்தலே. அதற்குப் பொருளும் காலமும் வேண்டும். ஆதலின், 1947-ஆம் ஆண்டில் ஸ்டாண்டிங் என்பார், கலிபோர்னியா எண்ணெயும் வாயுவும் சேர்ந்த 22 கலவைகளில் எடுத்த 105 அளவுகளைக்கொண்டு ஒரு தொடர்பு கண்டார். கரைந்த வாயுவின் அளவு, அதன் அடர்த்தி, எண்ணெயின் அடர்த்தி, வெப்பநிலை என்னும் நான்கும் தெரிந்தாற் போதும். சராசரிப் பிழை நூற்றுக்கு 4.8 மாத்திரமே. அஃது அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. என் வழக்கு அவரோடன்று. அச்சூத்திரத்தை, அது பிறந்த ஊரைச் சொல்லாமல், மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையோடேயாம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தேன். பீப்பாய்க்கு 500 கனவடி வாயு. காற்றை நோக்க அதன் அடர்த்தி 0.75, எண்ணெய் ஏ. பி. ஐ. அளவில் 35 பாகை. வெப்பம் பாரன்ஹீட் 180 பாகை. ஸ்டாண்டிங் சூத்திரப்படி குமிழியழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2,110 ராத்தல். வடகடல் எண்ணெய்களைக்கொண்டு கிளாசோ 1980-இல் அமைத்த சூத்திரப்படியோ ஏறக்குறைய 2,450! நிலத்தடி அழுத்தம் இன்று 2,300 என்று வைத்துக்கொள்வோம். முதற் சூத்திரத்தை நம்பியவர், "இன்னும் இடமிருக்கிறது" என்று தாராளமாக எடுப்பார். இரண்டாவது மெய்யாயின், பாறைக்குள் வாயு முன்னமே பிரிந்துவிட்டது.

இவ்வேற்றுமை வியப்பன்று. 18.2, 0.83 என ஸ்டாண்டிங் சூத்திரத்தில் வரும் எண்கள் இயற்கை விதியினின்று பிறந்தனவல்ல. கிடைத்த அளவுகளுக்குப் பொருத்திப் பெற்றவை. அவர் எடுத்த வாயுக்களில் நைட்ரஜனும் இல்லை, ஹைட்ரஜன் சல்பைடும் இல்லை. ஒரே அடர்த்தியுள்ள இரண்டு எண்ணெய்களின் உட்பொருள்கள் வெவ்வேறாயிருத்தலும் உண்டு. இதனாலன்றோ 1988-இல் அல்-மர்ஹூன் மத்திய கிழக்கின் 69 மாதிரிகளைக்கொண்டு வேறொரு சூத்திரம் வகுக்க நேர்ந்தது? இந்நாளிற் கணிப்பொறி நொடியிலே நான்கு தசமதானம் வரை விடை தந்துவிடுகின்றது. அத்தசமங்களைக் கண்டு மயங்காதவர் சிலரே.

"மாதிரியே கிடையாத முதல் நாட்களில் என் செய்வது?" என்று ஒருவர் கேட்கலாம். சூத்திரத்தைத்தான் கொள்ளவேண்டும், மறுப்பாரில்லை. ஆயினும் ஒன்றனைக் கொள்ளாது மூன்றனைக் கொண்டு, அவற்றிடையே உள்ள இடைவெளியையும் விடையோடு சேர்த்து எழுதுக. தேர்விலும், விடையை மட்டும் கேளாமல், எந்நாட்டு எண்ணெய், எவ்வெல்லைக்குள் என்றும் ஒரு வினாக் கேட்கலாகாதா? மாதிரி வந்தவுடன் சூத்திரத்தின் விடையை அடித்துவிட்டு, அளந்ததை எழுதிக்கொள்ளலாம்.