ராவியை எடைபோடாமல் தீர்ப்பா?

சூடான் நாட்டு எழுத்தாளர் தையிப் ஸாலிஹ் எழுதிய ‘மவ்ஸிமுல் ஹிஜ்ரதி இலஷ் ஷிமால்’ என்னும் அரபு நாவலை வீட்டில் வைத்திருப்பதே தகாது என்று ஆலிம் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். வடபுலம் நோக்கிப் பெயரும் பருவம் என்பது அப்பெயரின் பொருள். 1966-இல் வெளிவந்த இந்நூல் பின்னாளில் அதன் சொந்த நாட்டிலேயே தடை செய்யப்பட்டதும் உண்டு. மதுவும் விபசாரமும் அதில் பேசப்படுவது மெய்தான். சிறுவர் கையில் கொடுக்க நானும் ஒப்பேன். ஆயினும், கதை சொல்பவன் வாயில் வருவதெல்லாம் ஆசிரியரின் கொள்கையே என்று அவர் முடிவு கட்டினாரே, அதைத்தான் ஏற்க இயலவில்லை.

ராவியின் நேர்மையையும் நினைவாற்றலையும் துருவி ஆராயாமல் ஒரு செய்தியையும் ஏற்காத கல்வி மரபன்றோ நம்முடையது! ஜர்ஹு தஃதீல் கலையை ஓதிக்கொடுப்பவர், நாவல் என்றதும் அதை மறந்துவிடலாமா?

இந்த நாவலின் ராவி பெயரில்லாதவன். ஏழாண்டுகள் இங்கிலாந்தில் படித்துவிட்டு நைல் நதிக்கரையிலுள்ள தன் சிற்றூருக்குத் திரும்பியவன். முஸ்தபா ஸயீத் என்பவன் தன் மனைவி மக்களை இவன் பொறுப்பில் விட்டு மறைகிறான். அவன் விதவை ஹுஸ்னாவை வத் ரய்யிஸ் என்னும் கிழவனுக்கு முடித்துவைக்க அவள் தந்தையே முனைகிறார். வற்புறுத்தினால் அவனைக் கொன்று தானும் மாய்வதாக அவள் இந்த ராவியிடமே சொல்கிறாள். கேட்டவன் என்ன செய்தான்? கர்த்தூமுக்கு வேலை பார்க்கப் போய்விட்டான்! அவள் சொன்னபடியே நடந்து முடிந்தது. அதையும் இவன் கண்ணால் கண்டவனல்லன். ஊர்க் கிழவி ஒருத்திக்கு விஸ்கி கொடுத்து வாய்திறக்க வைத்துக் கேட்டறிந்தான். இதுதான் ஸனது! அவள்மேல் தனக்குக் காதல் உண்டென்பதைக்கூட அவளிடம் கடைசிவரை சொல்லாதவன். இவனையா ஆசிரியரின் வாய் என்பது? இவன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன். தனக்குத் தானே வக்கீலாகவும் வாதாடுகிறான்.

முன்பே மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்துவைத்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த நிக்காஹை ரத்துச் செய்தார்கள் என்பது புகாரி ஷரீஃபில் உள்ள செய்தி. கதையில் வரும் ஊரிலோ ஹாஜியார் இருக்கிறார், தொழுகையாளிகள் இருக்கிறார்கள்; ‘அந்தப் பெண்ணின் சம்மதம் எங்கே?’ என்று தடுக்கத்தான் ஒருவருமில்லை.

ஆலிம் அவர்கள் ஆபாசமென்று அடையாளமிட்டுக் காட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அந்த நிக்காஹைச் சொல்லும் பக்கம் அவற்றில் இல்லை. ஏன் இல்லை?