அட்டை நம்ம கையில இருக்கணும்



நம்ம பள்ளிச் சுவரிதழை இணையத்திலும் ஏற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வேண்டாம். நமக்கென்று சின்னதாக ஒரு வலைப்பக்கம் போதும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல நான் தறியில் இருந்துதான் ஆரம்பிக்கணும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்க.

நம்ம வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தறி உண்டு. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். சின்ன வயதில் இருந்து பார்த்துப் பார்த்து நமக்கு அது ஒரு பொருட்டாவே தெரியாது. ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி நூலைத் தூக்கும், ஓட்டை இல்லாத இடத்தில் தூக்காது. அவ்வளவுதான் சங்கதி. ஊடை ஒரு தடவை போய் வர ஒரு அட்டை. மயிலோ மாங்காயோ யாளியோ, எல்லாமே அந்த ஓட்டைக்குள்ளதான் இருக்குது.

பிரான்சு நாட்டில் லியோன் என்ற ஊரில், 1804-இல் ஜோசப் மாரி ஜக்கார்டு இந்தப் பெட்டியைச் செய்தார். அவர் ஒருத்தரே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கவில்லை. 1725-லேயே புஷோன் என்பவர் ஓட்டை போட்ட காகிதச் சுருளைத் தறியில் மாட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பின் ஃபால்கோன் என்பவர் காகிதத்துக்குப் பதில் அட்டையை வைத்தார். பழைய யோசனைகளை எடுத்து ஒழுங்காக ஓட வைத்தவர் ஜக்கார்டு. 1839-இல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள்! அந்தப் பட்டுப்படம் ஒன்றை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுவாராம். அவர் கணக்குப் போடும் பெரிய எந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். அதற்கு வேலை சொல்ல இதே மாதிரி அட்டையைத்தான் நினைத்தார். அவர் காலத்தில் அது முடியவில்லை. 1890-இல் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹாலரித் ஓட்டை அட்டையைப் பயன்படுத்தினார். அப்புறம் பல வருஷம் கம்ப்யூட்டருக்கே அட்டைதான். இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது, டிசைனைப் பென்டிரைவில் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். தறியில் இருந்து கம்ப்யூட்டருக்குப் போன யோசனை, கம்ப்யூட்டரோடு சேர்ந்து தறிக்கே திரும்பி வந்திருக்குது.

"எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு" என்று மேடையில் பேசுவார்கள் இல்லையா, நான் அதைச் சொல்ல வரவில்லை. ஜக்கார்டு வெளிநாட்டுச் சரக்குதான். நான் சொல்ல வருவது வேற. ஜக்கார்டில் டிசைன் தனி, தறி தனி. பெட்டி பழுதாயிடுச்சுன்னா அட்டைக் கட்டை எடுத்து அதே மாதிரி இன்னொரு பெட்டியில் மாட்டலாம். டிசைன் போகாது.

இப்போ இணையத்துக்கு வருவோம்.

வலைப்பக்கம் என்றால் பெரிய கம்பெனிக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவு பண்ணிச் செய்வது என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அது ஒரு எழுத்துக் கோப்பு. நோட்பேடில் டைப் பண்ணலாம். இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று கம்ப்யூட்டருக்குப் புரிய நாலைந்து குறி போட்டால் பக்கம் ரெடி. அந்தக் கோப்பையும் படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, இணையத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பணும். அனுப்புகிற அந்த வேலைதான் முன்னே கஷ்டமாக இருந்தது.

ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்ப எஃப்.டி.பி. என்ற முறை இருந்தது. அதன் முதல் விதிகளை 1971-இல் எழுதியவர் அபய் பூஷன் என்ற இந்தியர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் முதல் அணியில் படித்தவர். (இவர் பெயரை நம்ம பொது அறிவுப் போட்டியில் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்களா?) 2021-இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் எஃப்.டி.பி.யை எடுத்துவிட்டன. பழசுன்னு தள்ளிட்டாங்க. ஆனால் வேலை சாகவில்லை. இப்போது நெட்லிஃபை, நியோசிட்டீஸ் மாதிரி தளங்களில் ஃபோல்டரை மவுஸால் பிடித்து இழுத்து, பக்கத்தின் மேல் விட்டால் போதும். கொஞ்ச நேரத்தில் நம்ம பக்கத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிடும். சின்னப் பக்கத்துக்குக் காசு கிடையாது. கணக்குத் தொடங்கவில்லை என்றால் சிலதில் சீக்கிரமே அழிந்துவிடும், அதனால் ஆசிரியர் யாராவது பொறுப்பெடுத்துக் கணக்குத் தொடங்கணும்.

இதுவும் புதுசு இல்லை. 1994-இல் ஜியோசிட்டீஸ் என்று ஒன்று தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் வைக்கலாம். தெரு மாதிரி பிரித்து, வீட்டு நம்பர் கொடுத்தார்களாம். கேட்கவே ஆசையாக இருக்கிறது. 1999-இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. லட்சக்கணக்கான பக்கங்கள்! சில ஆர்வலர்கள் முடிந்த அளவு நகல் எடுத்துக் காப்பாற்றினார்கள். தன் ஃபோல்டரை வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்களுக்குப் போனது போனதுதான். அதே ஆசையில்தான் 2013-இல் நியோசிட்டீஸ் தொடங்கினார்கள், பெயரைப் பார்த்தாலே தெரியும்.

அதே 2013-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம், உலகத்தின் முதல் வலைத்தளத்தை அதன் பழைய முகவரியிலேயே மறுபடி வைத்தது. டிம் பெர்னர்ஸ்-லீ செய்தது. வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் இன்றைய செல்போனிலும் அது திறக்கிறது.

என் பெரியம்மா மகன் அண்ணன் கேட்டார், "இப்ப யாரு வெப்சைட் பாக்கறாங்க? இன்ஸ்டால போடு, லைக் வரும்"னு. வரும்தான். நான் மறுக்கவில்லை. "அண்ணா, மூணு வருஷம் முன்னாடி போட்டதைத் தேடி எடுங்க பார்க்கலாம்"னு சொன்னேன். ரொம்ப நேரம் தேடினார். அங்கே போடுவது, அட்டையை அவங்க பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டி, சாவியை அவங்ககிட்டயே கொடுக்கிற மாதிரி. ஃபோல்டர் முறையில் அசல் நம்மிடம் இருக்கும். இந்தத் தளம் மூடினால், அதே ஃபோல்டரை வேறு தளத்தில் இழுத்து விட்டால் ஆச்சு.

சுவரிதழைப் பாருங்கள். மாதம் ஒரு தாள் எழுதுகிறோம், ஒட்டுகிறோம், அடுத்த மாதம் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டுகிறோம். போன வருஷம் அக்காமார் எழுதியது எங்கே? யாரிடமும் இல்லை. பழைய அட்டைக் கட்டும் அப்படித்தான். தறியை நிறுத்தின வீடுகளில் இருந்து எடைக்குப் போகிறது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். அதில் என்ன பூ இருந்தது, யார் வரைந்தது, இனி யாருக்கும் தெரியாது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அது பெயரைக் காப்பாற்றும். அட்டையைக் காப்பாற்றாது.

எங்க அப்பா ஒரு நியாயமான பயம் சொன்னார். "டிசைனை இணையத்துல போட்டா விசைத்தறிக்காரன் காப்பி அடிச்சுடுவான்." உண்மைதான். அதனால் இப்போது ஓடுகிற டிசைனைப் போடவே கூடாது. நெய்வதை விட்டுப் போன பழைய டிசைனின் பெயரும் கதையும் போடலாம், அதுவும் அந்த வீட்டார் சம்மதித்தால் மட்டும். அதே மாதிரி மாணவிகள் படமும் முழுப் பெயரும் வேண்டாம். வகுப்பு மட்டும் போதும்.

முதல் பக்கத்துக்கான கோப்பை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், மொத்தம் 22 வரி. கம்ப்யூட்டரில் டைப் பண்ண வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறோம். வீட்டில் பழைய அட்டைக் கட்டு இருப்பவர்கள், எடைக்குப் போடும் முன் தாத்தா பாட்டியிடம் அதில் என்ன டிசைன் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். பென்டிரைவ் ஒன்றும் வேண்டும், 4 ஜி.பி. இருந்தாலே தாராளம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி