பிடித்த தொழிலா? பிழைக்கும் தொழிலா?

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்" என்பார்கள் பெரியவர்கள். பள்ளி இறுதித் தேர்வு முடிந்து, அடுத்து என்ன படிப்பது என்று பிள்ளை கேட்கும் வேளையில் அந்தப் பழமொழி தவறாமல் வந்து நிற்கும். சொல்பவரை நாம் பழிக்கவில்லை. பட்டறிவு பேசுகிறது, பாசமும் பேசுகிறது. ஆனால் ஒன்று கேட்கிறோம்: அந்த விரலை அளந்தவன் யார்?

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள அய்யனார் கோயிலைத் தேடி வண்டி கட்டிக்கொண்டு வருவோர் ஏராளம். அதே சாலையில் சற்று வடக்கே, மரக்காணத்தில் வெள்ளை வெளேரென விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் கண்டு வியந்து, படம் எடுத்துச் செல்வோரும் ஏராளம். அதே கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அதைத் தேடி வருவோர் எத்தனை பேர்?

உப்பளத் தொழிலாளியின் மகன் ஒருவன், முகாமில் பிறந்த மகள் ஒருத்தி. இந்த இருவரையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு, பிடித்த தொழிலா, பிழைக்கும் தொழிலா என்ற கேள்வியைப் பார்ப்போம். மாடி வீட்டில் அமர்ந்து பேசும்போது இனிக்கின்ற விடைகள் பல, இங்கே வந்தால் கரிக்கின்றன!

"உள்ளம் விரும்புவதையே செய், செல்வம் பின்னாலே வரும்" என்று மேடையேறி முழங்குவோர் உண்டு. கேட்க இனிமைதான். ஆனால் சொல்வோர் பலருக்குத் தந்தையின் வீடு இருக்கிறது. மாமனின் ஆலை இருக்கிறது. தவறி விழுந்தால் தாங்கிக்கொள்ள மெத்தை இருக்கிறது. ஒரு மாதக் கூலி நின்றால் அடுப்பு அணைந்துவிடும் வீட்டுப் பிள்ளைக்கு, கணக்கில்லாத கனவை உபதேசிப்பது கொடுமை! "எதிர்நீச்சல் போடு" என்பது எளிது. நீச்சல் தெரியாதவன் மூழ்கும்போது கரையில் நிற்பவனுக்கு என்ன இழப்பு?

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். "உலக நடப்பைப் பார்! உனக்கு எது கிடைக்குமோ அதைக் கொள்!" என்பது அவர்கள் வாக்கு. அறிவுடையார் பேச்சுப் போலத் தோன்றும் இது, முன்னதைவிட ஆபத்தானது. ஏனெனில் இயற்கை போட்ட எல்லையையும் மனிதன் போட்ட வேலியையும் ஒன்றாகக் கட்டி, இரண்டுக்கும் 'உலக நடப்பு' என்று ஒரே பெயர் சூட்டிவிடுகிறது.

உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடுகிறார்கள். ஏறத்தாழ 3 டிகிரி அடர்த்தியுள்ள கடல்நீர் 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்கிறது. 30ஐத் தொடவிட்டால் கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும்; அதற்கு முன்பே எஞ்சிய நீரை வெளியேற்ற வேண்டும். இது இயற்கையின் கணக்கு. இதனோடு யாரும் வழக்காட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும், பாத்திகள் நிரம்பும், உப்பு விளையாது. இதுவும் இயற்கை.

ஆனால் அந்த மழை மாதங்களில் தொழிலாளியின் வயிறு காயவேண்டும் என்று விதித்தது எந்த இயற்கை? தலைமுறை தலைமுறையாக அதையும் 'நடப்பு' என்றுதான் சொல்லி வந்தார்கள். 2022ஆம் ஆண்டில், மழைக்கால வேலையின்மைக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. தொகை போதுமா என்றால் போதாது என்போம். ஆனால் ஓர் உண்மை வெட்டவெளிச்சமாயிற்று: மழையை மாற்ற முடியாது, மழைக்காலப் பசியை மாற்ற முடியும்! முன்னது எல்லை; பின்னது வேலி.

வேலியை எல்லை என்று காட்டும் வித்தை இந்த நாட்டுக்குப் புதிதன்று. 1953ஆம் ஆண்டில், சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராசகோபாலாச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. என்ன காரணம் கூறப்பட்டது? நடைமுறை! பள்ளிகள் போதவில்லை, பணம் போதவில்லை, கைத்தொழில் அறிந்தவன் பட்டினி கிடக்கமாட்டான் என்றார்கள். குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதற்குப் பெயரிட்டது. பெரியாரும் அண்ணாவும் எதிர்த்தார்கள், மக்கள் திரண்டார்கள். 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் தொலைந்தது.

தொலைந்ததா? 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டு கைத்தொழில்கள், குறைந்த வட்டியில் 3 இலட்சம் ரூபாய் வரை கடன். கைவினைஞருக்குக் கடன் தருவதை நாம் எதிர்க்கவில்லை. பதினெட்டு வயதில், கல்லூரி வாயிலில் கால் வைக்க வேண்டிய பிள்ளையிடம், குடும்பத் தொழிலுக்கென்று கடன் நீட்டுவதைத்தான் எதிர்க்கிறோம். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குக, குறைந்த வயதை 35 ஆக்குக என்று தமிழ்நாடு கேட்டது; ஒன்றியம் இணங்கவில்லை. 2025இல் தமிழ்நாடு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், 35 வயது நிறைந்தோர்க்கு உரியது. குலம் எது, குடும்பத் தொழில் எது என்று கேட்காதது. அந்த 35 என்ற எண்ணின் பொருள் என்ன? முதலில் படி, உலகைப் பார், பிறகு உளியெடுப்பதா, எழுதுகோல் எடுப்பதா என்று நீயே முடிவு செய்! விருப்பம் என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் உண்டு. ஒரே கதவு உள்ள அறையில் நிற்பவனிடம், "எந்த வழியாகப் போக விருப்பம்?" என்று கேட்பது கேலியன்றோ?

இனி முகாமில் பிறந்த மகளைப் பார்ப்போம். அவளுக்குச் சட்டம் பயில ஆசை என்று வைத்துக்கொள்வோம். படிக்கலாம், பட்டமும் பெறலாம். ஆனால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் பொதுவிதிப்படி, பதிவு செய்துகொள்ள இந்தியக் குடியுரிமை வேண்டும். ஆட்சித் தலைவர் ஆக ஆசையா? ஆட்சிப் பணிக்கும் காவல் பணிக்கும் குடியுரிமை கட்டாயம். தனியார் நிறுவனம் வேலை தந்து வெளிநாட்டுக்கு அனுப்ப முன்வந்தால், கடவுச்சீட்டு எங்கே? பட்டம் வாங்கியவரும் வண்ணம் பூசும் வாளியோடு கூலிக்குப் போகும் காட்சி, தமிழ்நாட்டு முகாம்களில் பழகிப்போன காட்சி. ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் நிறம் கொடுக்கும் கைகளுக்கு, தம் வாழ்வுக்கு ஒரு நிறம் தேர்ந்துகொள்ள உரிமையில்லை!

1983 கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இவர்கள். 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்கிறது சட்டம். அதன் பின் பிறந்தவர்க்குப் பெற்றோரின் குடியுரிமை கேட்கப்படுகிறது. இன்று எதைப் படிப்பது என்று திகைத்து நிற்கும் பிள்ளைகள் அனைவரும் அந்நாளுக்குப் பின் பிறந்தவர்களே. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைக் குறித்தது, இலங்கையைக் குறிக்கவில்லை. 2015 ஜனவரி 9ஆம் நாளுக்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்க்கு 2025இல் தண்டனை விலக்கு தரப்பட்டது. நன்று! ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு வேறு. குடிமகன் என்ற தகுதி வேறு.

தோழர்களே, இங்கே ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். தந்தையின் தொழிலே மகனுக்கு என்றது 1953. தந்தையின் நாடற்ற நிலையே மகளுக்கு என்கிறது இன்றைய சட்டம். இரண்டும் பிறப்பைக் காட்டிப் பிள்ளையின் வாழ்வை அளக்கும் கோல்கள் அல்லவா? விரலை அளந்தவன் யார் என்று கேட்டோமே, விடை கிடைத்துவிட்டது!

அதற்காக, வேலிகள் விழும் வரை கைகட்டிக் காத்திருக்கச் சொல்கிறோமா? இல்லை. கீழ்புத்துப்பட்டுக்குக் கூப்பிடு தூரத்துப் புதுச்சேரியிலே பிறந்த பாரதிதாசன், 1909 முதல் 1946 வரை தமிழாசிரியராகப் பணியாற்றினார். கவிதை அவர் உயிர். ஆசிரியப் பணி அவர் சோறு. சோற்றுக்காகக் கவிதையைக் கைவிடவில்லை. கவிதைக்காகக் குடும்பத்தைப் பட்டினி போடவுமில்லை. வேலை கனவைக் கொல்லும் என்போர், அந்த 37 ஆண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும்.

தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதற்கு முன் புதுக்கோட்டைக் கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் ஆணை வந்த பிறகே கதவு திறந்தது. திறமை அவருடையது, ஆனால் திறமை மட்டும் தாழ்ப்பாளை நீக்கவில்லை! தாம் நுழைந்த பின், தேவதாசி முறையையே ஒழிக்கப் போராடினார். தமக்குத் திறந்த கதவைப் பிறருக்கும் திறந்து வைத்தார். தொழிலைத் தேர்ந்த பெருமையைவிட அது பெரிய பெருமை.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது. ஆசையைச் சோதித்துப் பார்: புகழுக்கு மயங்குகிறாயா, வேலையின் வியர்வையையும் விரும்புகிறாயா? வீட்டுக் கணக்கைப் பார்: எத்தனை ஆண்டு உன்னைத் தாங்கும், கடன் எவ்வளவு, அதுவரை சோறு போடும் கைத்திறன் எது? வெட்கப்படாமல் கணக்குப் போடு. பாத்தியில் டிகிரி பார்ப்பவன் வெயிலை வெறுப்பவன் அல்லன். வெப்பமின்றி உப்பு பூக்காது. அளவின்றி நல்ல உப்பு வாராது.

ஆனால் உன் கணக்கில் 'முடியாது' என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று கேள்: இது மழையா, வேலியா? மழையானால் கூரை வேய்ந்துகொள். வேலியானால், நீ பிழைக்க வேறு வழி கிடைத்துவிட்டது என்பதற்காக அதை மறந்துவிடாதே. உனக்குப் பின்னால் வருகின்ற பிள்ளையும் அதே முள்ளில்தான் மோதப்போகிறது.

முகாமில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கொடு என்று கேட்பது அரசியல்வாதியின் வேலை, தொழிலைத் தேடுவது மட்டுமே மாணவனின் வேலை என்பார்கள். நாம் மறுக்கிறோம். தேர்ந்தெடுக்கும் உரிமைக்காகப் போராடாதவர்க்கு, தேர்ந்தெடுக்கும் வேலையை வேறு எவரோ செய்து முடித்துவிடுவார்கள். 1953இல் அப்படித்தான் முடிக்கப் பார்த்தார்கள். முடிக்கவிடவில்லை தமிழகம். இன்றும் முடிக்கவிடக் கூடாது!