அம்பு எப்போது நகர்கிறது?

ஜீனோவின் புதிர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், கணிதம் படித்த நண்பர்கள் ஒரு புன்னகையோடு அதை முடித்துவைத்துவிடுகிறார்கள். முடிவற்ற தொடரொன்றைக் கூட்டினால் முடிவுள்ள எண் கிடைக்கலாம் என்பது அந்தக் கிரேக்கருக்குத் தெரியவில்லை, இன்று பள்ளி மாணவனுக்கும் தெரியும், அவ்வளவுதானே என்கிறார்கள். பதில் சரிதான். ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் அது பதிலா என்பதில் நமக்கு ஐயம் உண்டு.

ஜீனோ கி.மு. 5ஆம் நூற்றாண்டில், தென் இத்தாலியில் கிரேக்கர் குடியேறிய எலியா நகரில் வாழ்ந்தவர். இருப்பது ஒன்றே, அது மாறுவதில்லை என்ற பர்மெனிடீஸின் மாணவர். அவர் எழுதியவற்றில் சில துண்டுகளே எஞ்சியுள்ளன. இயக்கம் பற்றிய அவருடைய நான்கு வாதங்களை நாம் அறிவது, அவற்றை மறுப்பதற்காகவே எடுத்துரைத்த அரிஸ்டாட்டிலின் ‘இயற்பியல்’ ஆறாம் நூல் வழியாகத்தான். (புகழ்பெற்ற ஆமையை அங்கே தேடினால் கிடைக்காது. ‘மிக மெதுவாக ஓடுபவர்’ என்று மட்டுமே இருக்கிறது. ஆமை பிற்கால உரையாசிரியர்களின் கொடை.)

அக்கிலீஸ் ஆமையைவிடப் பத்து மடங்கு வேகமானவன், ஆமை 100 மீட்டர் முன்னால் புறப்படுகிறது என்று கொள்வோம். 100, 10, 1, பத்தில் ஒன்று எனக் கூட்டிக்கொண்டே போனால் 111 மீட்டரைச் சற்றே தாண்டிய இடத்தில் அவன் அதைப் பிடித்துவிடுகிறான். 1821இல் கோஷி எல்லை என்ற கருத்துக்குத் தெளிவான வடிவம் கொடுத்த பின் இதில் குழப்பத்துக்கு இடமில்லை. இயக்கம் இல்லை என்று வாதிட்டவர் முன் டயோஜெனிஸ் பேசாமல் எழுந்து நடந்து காட்டினார் என்றொரு கதை உண்டு. தொடரின் கூட்டுத்தொகையும் ஒருவகையில் அதே நடைதான். எங்கே சேர்வான் என்பதைச் சொல்கிறது. எப்படிச் சேர்ந்தான் என்பதைச் சொல்வதில்லை.

ஜீனோவின் உண்மையான பலம் அம்பில் இருக்கிறது என்பது நம் கட்சி. பறக்கும் அம்பு எந்த ஒரு கணத்திலும் தன் நீளத்துக்குச் சமமான இடத்தை மட்டுமே நிரப்பி நிற்கிறது. அந்தக் கணத்துக்குள் நகர அதற்கு நேரமில்லை. காலம் முழுவதும் இத்தகைய கணங்களே என்றால், அம்பு நகர்ந்தது எப்போது? காலம் கணங்களால் ஆனதே அல்ல என்று சொல்லி அரிஸ்டாட்டில் தப்பித்துக்கொண்டார். நல்ல வழிதான். ஆனால் கோட்டைப் புள்ளிகளின் தொகுப்பாகவே கொள்ளும் நவீனக் கணிதம் அந்த வழியைத் தானே அடைத்துவிட்டது. ஒரு கணத்தில் உள்ள வேகம் என்று நுண்கணிதம் சொல்வதும், அக்கம்பக்கத்துக் கணங்களில் அம்பு இருந்த இடங்களிலிருந்து கடன் வாங்கப்பட்டது. 1903இல் ரஸ்ஸல் இதை நேர்மையாக ஒப்புக்கொண்டார்: அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓய்வில்தான் இருக்கிறது, வெவ்வேறு கணங்களில் வெவ்வேறு இடங்களில் இருப்பதற்கே இயக்கம் என்று பெயர். புதிரைத் தீர்த்ததாகச் சொல்பவர் புதிரின் பாதியை ஏற்றுக்கொண்டிருக்கிறார்! பெர்க்சன் 1907இல் இதைச் சகிக்கவில்லை. அசையாத படங்களை அடுக்கி ஓட்டும் சினிமாக் கருவியைப் போல நம் அறிவு இயங்குகிறது, அசைவோ படங்களுக்குள் இல்லை என்றார். நம் மனம் பெர்க்சன் பக்கம் சாய்ந்தாலும், அவருடைய பிரிக்கவியலாத இயக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு கணக்கும் போட முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ‘போரும் அமைதியும்’ நாவலின் நடுவே, நெப்போலியனின் படை மாஸ்கோவை நெருங்கும் கட்டத்தில், டால்ஸ்டாய் கதையை நிறுத்திவிட்டு அக்கிலீஸையும் ஆமையையும் அழைத்து வருகிறார். தொடர்ந்து ஓடும் ஒன்றைத் தன்னிச்சையாகத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நாயகனைக் காரணமாக்கும் வரலாற்றாசிரியர்கள் மேல் அவருக்குக் கோபம். நாமும் விமரிசனம் எழுதும்போது, இந்தப் பக்கத்தில்தான் பாத்திரம் மாறுகிறது என்று விரல் வைக்கிறோம். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் மாற்றம் அங்கே இருப்பதில்லை. முந்தைய பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், பிந்தைய பக்கத்தில் வேறொருவர் இருக்கிறார்.