மோவாயை மாத்துறதுக்கு முன்னாடி கேமராவை நகர்த்துங்க

ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி இப்போ எல்லாருக்கும் ஒரே போஸ்தான். பக்கவாட்டில் திரும்பி, மோவாயை முன்னால் தள்ளி, தாடையை ஒரு விரலால் தடவிப் பார்க்கிறது. கூர்மையான தாடை இல்லாதவன் ஆளே இல்லைங்கிற மாதிரி ரீல்ஸ் சொல்லுது. விளைவு, மெஸ் பில் கட்டவே திணறுறவங்ககூட தாடைப் பயிற்சிக்குன்னு ஒரு ரப்பர் உருண்டையும், கல்லு மாதிரி ஒரு சூயிங்கமும் ஆர்டர் போடுறாங்க.

மோவாய் சின்னதா இருக்குன்னு வருத்தப்படுறவங்களைக் கிண்டல் பண்றது என் வேலை இல்லை. தினமும் பார்க்கிற முகம், உறுத்தினா உறுத்தத்தான் செய்யும். ஆனா நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. ரீடிங் தப்பா வந்தா முதல்ல கருவியைத்தானே சந்தேகப்படணும்? இங்கே கருவி, உங்க போனோட முன்பக்க கேமரா.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு பொருள் படத்தில் தெரியும் அளவு, கேமராவிலிருந்து அது இருக்கும் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். போனைத் தலைக்கு மேல் தூக்கி செல்ஃபி எடுக்கிறீங்க. கேமராவிலிருந்து நெற்றி 30 செ.மீ., மோவாய் 40 செ.மீ.ன்னு வச்சுக்கோங்க. நெற்றியோடு ஒப்பிட்டா மோவாய் முக்கால் அளவுக்குச் சுருங்கிடும். அதே கோணத்தில் கேமரா 150 செ.மீ. தள்ளி இருந்தா? 150-க்கு 160. சுருக்கம் வெறும் 6 சதவீதம். மூக்குக்கும் இதே கதைதான். 12 அங்குல தூரத்து செல்ஃபியில் மூக்கு, 5 அடி தூரத்துப் படத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும்னு 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு கணக்குக் காட்டியது. மூக்கு பெருசாத் தெரிஞ்சா, கீழே இருக்கிற மோவாய் தானாகவே சின்னதாத் தெரியும்.

அதனால் முதல் வேலை, போனை நண்பர்கிட்ட கொடுங்க. ரெண்டு மீட்டர் தள்ளி, முகத்துக்கு நேர் மட்டத்தில், நேராக ஒண்ணு, பக்கவாட்டில் ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. வேணும்னா ஜூம் பண்ணலாம். முகத்தோட விகிதத்தைத் தீர்மானிக்கிறது தூரம்தான், ஜூம் இல்லை. பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துடும்னு நினைக்கிறேன்.

அப்பவும் சின்னதாத்தான் தெரியுதா? செலவில்லாத வழிகள் இருக்கு. லேப்டாப்பைக் குனிஞ்சு பார்த்துப் பார்த்து நம்ம தலை முன்னால் நீண்டு போச்சு. அப்படி நீளும்போது தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற வளைவு மங்கிடும். இந்த செமஸ்டரில் திறக்காத நாலு புத்தகத்தை லேப்டாப்புக்கு அடியில் வைங்க, திரை கண் மட்டத்துக்கு வரட்டும். தாடி வளர்றவங்க கன்னத்தில் குட்டையாகவும் மோவாயில் கொஞ்சம் நீளமாகவும் விடலாம். கழுத்துப் பக்கம் சங்குக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் சுத்தமா ஷேவ் பண்ணிடுங்க. மேக்கப் போடுறவங்க தாடை ஓரத்துக்குக் கீழே ஒரு ஷேடு கருமையாகவும், மோவாய் நுனியில் கொஞ்சம் வெளிச்சமாகவும் கொடுக்கலாம். இதனால் எலும்பு மாறாது, தோற்றம் மாறும். நாம கேட்டதும் அதுதானே?

இனி காசைக் கரைக்கிற வழிகள். ரப்பர் உருண்டையைக் கடிக்கும்போது உழைக்கிற தசை மாஸட்டர். அது இருக்கிறது தாடையோட பின்மூலையில், காதுக்குக் கீழே. அது பருத்தா முகம் அகலமாகும், மோவாய் ஒரு மில்லிமீட்டர்கூட முன்னால் வராது. அளவுக்கு மீறிக் கடிச்சா தாடை மூட்டில் வலிதான் மிச்சம். அடுத்தது 'மியூயிங்'. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வச்சா தாடை வடிவம் மாறும்ங்கிறாங்க. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மியூ, மைக் மியூ என்ற அப்பா, மகன் ரெண்டு பேர் பெயரால் பரவினது இது. இதற்கு அறிவியல் ஆதாரம் போதாதுன்னு அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கு. நம்ம வயசில் தாடை வளர்ச்சி பெரும்பாலும் முடிஞ்சிருக்கும்.

"கத்தியே இல்லை, ஊசி மட்டும்தான்"னு ஃபில்லரைக் கூவி விக்கிறாங்க. ஹயலூரானிக் அமிலத்தை மோவாயில் ஏத்துவாங்க, உடனே மாற்றமும் தெரியும். ஆனா மாசங்கள் போகப் போகக் கரையும், திரும்பப் பணம் கட்டணும். மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனா தோல் செத்துப்போகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். மோவாய்க்கென்று ஒரு ஃபில்லரை 2020-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதிச்சதும் 21 வயசைத் தாண்டினவங்களுக்குத்தான். பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து ஆஃபர் விலையில் போட்டுக்கிற சமாச்சாரம் இல்லை இது.

சிலருக்குக் கீழ்த்தாடையே நிஜமாகப் பின்தங்கி இருக்கும். மேல்பல் வரிசை ரொம்ப முன்னால் நிற்கும், உதட்டை மூடவே சிரமப்படணும். அதோடு பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு தடைபடுறது, பகலெல்லாம் தூக்கக் கலக்கம்னு இருந்தா அதை அழகுப் பிரச்சினையா நினைக்காதீங்க. மூச்சுப் பிரச்சினையாக இருக்கலாம். பல்சீரமைப்பு மருத்துவரையும் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பாருங்க. ரீல்ஸ் பேசாத இந்த விஷயத்துக்குத்தான் காசும் நேரமும் செலவழிக்கணும்.

"பிளேஸ்மெண்ட்டுக்கு லுக் வேணாமா?"ன்னு கேட்பீங்க. நேரில் நடக்கிற இன்டர்வியூவில் எதிரே இருக்கிறவர் மேஜைக்கு அந்தப் பக்கம், ஒரு மீட்டருக்கு மேல தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். ஆன்லைன்னா வெப்கேமைக் கண் மட்டத்தில் வச்சு, கை நீட்டுற தூரத்துக்குத் தள்ளி உட்காருங்க, போதும்.

கடைசியா ஒண்ணு. கிளாஸில் யாருக்காவது 'தாடையில்லாதவன்'னு பட்டப்பெயர் வச்சிருந்தா இன்னைக்கே விட்டுடுங்க. அந்த ரப்பர் உருண்டையை வாங்க வைக்கிறது விளம்பரம் மட்டும் இல்லை, நம்ம வாயும்தான்.