தூரம் யார் கையில்?

இரு நகரங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாத ஒன்று என்றே பள்ளிப் பருவம் முதல் படித்து வருகிறோம். மலை நகர்வதில்லை, கடல் சுருங்குவதில்லை, ஆகவே தூரமும் மாறாது என்பது நம் எண்ணம். ஆகாய விமானத்தில் பறப்பவருக்கு இந்த எண்ணம் செல்லாது என்பதே என் கருத்து. இதற்குச் சான்றாக ஹெல்சிங்கி, டோக்கியோ என்னும் இரு நகரங்களை எடுத்துக்கொள்வோம்.

முன்னது பின்லாந்தின் தலைநகர். பின்னது ஜப்பானின் தலைநகர். உலக உருண்டை ஒன்றில் இவ்விரண்டையும் ஒரு நூலால் இணைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூலின் பெரும்பகுதி ருஷ்யாவின் மேலேயே செல்லும். தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். அவ்வழியே பறந்தால் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரப் பயணம்.

ஆனால், 1983-இல் ஃபின்ஏர் நிறுவனம் இவ்விரு நகரங்களுக்கும் இடையே நில்லாமல் செல்லும் விமானத்தைத் தொடங்கியபோது அந்த நேர்வழி அதற்குக் கிட்டவில்லை. சோவியத் வானம் மூடிக் கிடந்தது. விமானம் வடதுருவத்தைக் கடந்து, அலாஸ்கா பக்கமாகத் திரும்பி, பசிபிக் கடல் வழியே டோக்கியோவை அடைந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்! சுமார் 13 மணி நேரம் ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்த கொரியப் பயணி விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். வானத்தில் கிழித்த கோடு எத்தனை கொடியது என்பதை உலகம் அன்று கண்டது.

பின்னர் பனிப்போர் தணிந்தது. சைபீரிய வானம் திறந்தது. பயண நேரமும் குறைந்தது. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகளும் ருஷ்யாவும் ஒன்றுக்கொன்று வானை அடைத்துக்கொண்டன. மார்ச் மாதமே ஃபின்ஏர் விமானம் மீண்டும் துருவத்தைச் சுற்றத் தொடங்கியது. மீண்டும் சுமார் 13 மணி நேரம்! 39 ஆண்டுகளில் விமானங்கள் எவ்வளவோ முன்னேறின. பயண நேரமோ புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தது.

துருவத்தைக் கடந்ததற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கினார்கள். அதைப் பெருமைச் சின்னமாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மனிதர்கள் போட்டுக்கொண்ட சண்டைக்கு அது ஒரு ரசீது!

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானத்தின் மீது முழு உரிமை உண்டென்று 1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம் கூறுகிறதே என்று நண்பர்கள் கேட்கலாம். உரிமையை நான் மறுக்கவில்லை. வானை அடைத்தே தீரவேண்டிய நிலையை உண்டாக்கும் போரைத்தான் மறுக்கிறேன். எதிர்க்காற்று ஒரு மணி நேரத்தை விழுங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், அது இயற்கை. போர் விழுங்கும் மூன்றரை மணி நேரத்தையும், வீணே எரியும் எரிபொருளையும் இயற்கை என்று ஏற்கலாகாது.

போரில் உற்றாரை இழந்தவர் துயரத்தின் முன் இந்த மூன்றரை மணி நேரம் தூசுதான். எனினும், எங்கோ நடக்கும் போர் நமக்கென்ன என்று இருப்போருக்கு இது ஒரு பாடம். ஆகவே, தூரத்தைப் புவியியல் வகுப்போடு நிறுத்திவிடாமல் வரலாற்று வகுப்பிலும் கற்பிக்க வேண்டும் என்பேன். நிலத்தை அளக்க அளவுகோல் போதும். வானத்தை அளக்க மனிதரின் மனத்தையும் அறிந்தாக வேண்டும்.